நூற்றுப் பதினேழாம் மரம்

எங்கள் வெள்ளருவி எஸ்டேட்டின் கீழ் டிவிஷன் லயத்தில் வரிசையாய் இருபது வீடு, இருபது வீட்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய தொண்டை இசக்கியம்மா அக்காவுடையது, அந்தத் தொண்டைக்கு மேலே இருந்த கொண்டையில்தான் சித்திரை முடியப் பத்து நாள் இருக்கும்போது காட்டிலேயே கூச்சம் அதிகமான பறவை வந்து கூடு கட்டியது.

அவள் குரலைப் பற்றி நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பீர்கள். நான் ஸ்டெல்லா, அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அவள் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடியதும் குறைந்ததும் இருபத்திரண்டு வருசமாக எனக்குத்தான் முதலில் தெரியும். யானை இறங்கினால் அவள்தான் கத்துவாள், கரண்ட் போனால் அவள்தான் கத்துவாள், யார் வீட்டுப் பையன் பீடி குடித்தாலும் அவள்தான் கத்துவாள், அவள் கத்தினால் எதிர்மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, யாருக்கு விழுகிறது என்று விசாரித்துவிட்டு மறுபடி குனிவார்கள்.

அந்தக் குரல் ஒரே ஒரு தடவை கெட்ட காரியம் பண்ணியது. ஆறு வருசத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகள் தவமணி, ஒன்பது வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை, திருப்பூர் பனியன் கம்பெனியில் கூட வேலை பார்த்த பையனைத் தானே பார்த்து முடிவு பண்ணிக்கொண்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாள். காலை மஸ்டரில் நாங்கள் அத்தனை பேரும் வரிசையாய்ப் பேர் கொடுக்க நின்றிருந்தோம். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க, எனக்கு மக கிடையாது, நான் மலடி" என்றாள் இசக்கியம்மா. அந்தச் சொல் எதிர்மலையில் மோதித் திரும்பி, ஓடையைத் தாண்டி, பஸ் ஏறிப் போன தவமணியை மூன்றாவது வளைவு வரைக்கும் விடாமல் துரத்திக்கொண்டு போயிற்று என்று அதே பஸ்ஸில் போனவர்கள் வந்து சொன்னார்கள்.

அன்றையிலிருந்து மகள் பேரை அவள் சொல்லவில்லை. ஆனால் வருசா வருசம் ஆவணியில் ஒரு நாள் காரணம் சொல்லாமல் பாயசம் காய்ச்சி லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றுவாள், அது என்ன நாள் என்று எங்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி குடித்துக்கொள்வோம்.

இப்படிப்பட்ட தலையில் வந்து அது உட்கார்ந்தது. பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டில் பத்து மணித் தேநீருக்கு உட்கார்ந்திருந்தோம். சோலைக்குள்ளிருந்து கறுப்பும் செம்மண் வயிறுமாக ஒரு பறவை நீள வாலோடு இறங்கி, வாயில் வைத்திருந்த சருகை இசக்கியம்மா கொண்டையில் செருகிவிட்டுப் போனது. அடுத்து அதன் பெட்டை வந்து ஒரு சருகு வைத்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மறைந்திருந்து பாடுமே, ஒருத்தர் கண்ணிலும் இதுவரை படாததே, அது இதுதான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. "ஏட்டி, யாரு அது என் தலையில குப்பை போடுறது" என்று அவள் ஒரு சத்தம் போட்டாள். ரெண்டும் சோலைக்குள் ஓடிப் போய்விட்டன. அவள் வாயை மூடிக் கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தன. மறுபடி ஒரு சத்தம், மறுபடி ஓட்டம். மூன்றாவது தடவை அந்தப் பெட்டை திரும்பி வந்து, ரெண்டு கையெட்டுத் தூரத்தில் தேயிலைச் செடிமேல் உட்கார்ந்து, உடம்பெல்லாம் நடுங்க நடுங்க அவளைப் பார்த்தது. இசக்கியம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள், வாயை மூடினாள், மூடின வாயை ஏறக்குறைய ஒரு மாசம் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்காதவர்கள் இல்லை. நான் நினைப்பதைச் சொல்கிறேன். அந்த ஆறு வருசத்தில் அவள் வாய்க்குப் பயந்து யாரும் தானாக அவள் பக்கத்தில் போனதில்லை, நான் உட்பட. அது பயந்துகொண்டே வந்தது, வந்தாலும் அவளிடம்தான் வந்தது. அது அவளுக்கு இனித்திருக்கும்.

மூன்று நாளில் சருகும் வேரும் வைத்துக் கூடு முடிந்தது, அடுத்த ஐந்து நாளில் ஐந்து முட்டை, அதன்பின் பெட்டை அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. நாங்கள் என்ன செய்தோம் என்றால், எங்களால் ஆனதைச் செய்தோம். கொழுந்துப் பையின் வாரைத் தலையில் மாட்டாமல் தோளில் மாட்டுகிற மாதிரி அவளுக்கு மட்டும் தைத்துக் கொடுத்தோம். சூப்பர்வைசர் அவளை மேட்டுக் காட்டிலிருந்து மாற்றி, சோலை ஓரத்து வரிசையைக் கொடுத்தார். ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள், அவள் புருசன் சொரிமுத்து அண்ணன் கழுத்துக்கு ரெண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்தார். தலையை ஆட்டக் கூடாது என்பதால் ஆமாம் என்றால் கண்ணை ஒரு தடவை மூடினாள், இல்லை என்றால் ரெண்டு தடவை. நாங்கள் தேயிலையில் பிடித்த பச்சைப் புழுக்களை ஒரு இலையில் வைத்து அவள் வாசல் கல்லில் விட்டு வந்தோம், ஆண்பறவை நாங்கள் திரும்பி நடந்த பிறகு வந்து எடுத்துக்கொண்டது.

சத்தம்தான் பெரிய பாடாய்ப் போயிற்று. பாக்டரி சங்கை நிறுத்தி, வீடு வீடாய் ஆள் விட்டுக் கதவைத் தட்டி எழுப்பினார்கள். மாரியம்மன் கோயில் நோன்புக்கு ரேடியோ செட் வேண்டாம் என்று கமிட்டியே முடிவு பண்ணியது, அம்மன் கோவித்துக்கொள்ளாதா என்று கேட்டவர்களிடம் பூசாரி, அவளும் ஒரு வருசமாவது தூங்கட்டுமே என்றார். எங்கள் சர்ச் மணியின் நாக்கில் நானே பழைய துண்டைச் சுற்றிக் கட்டினேன். லயமே குசுகுசுவென்று பேசப் பழகியது. குசுகுசுவென்று புருசன் பெண்டாட்டி சண்டை போட்டுப் பாருங்கள், ரெண்டு நிமிசத்துக்கு மேல் தாக்குப் பிடிக்காது, சிரிப்பு வந்து தொலையும். சாயங்காலம் ஆறு மணிக்கு இசக்கியம்மா வீட்டு முருங்கைக் கிளையில் ஆண் உட்கார்ந்து பாடும், இருபது வீட்டிலும் கை வேலையை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் கேட்டோம், எனக்கு அந்த நேரத்தில் செத்துப்போன என் வீட்டுக்காரர் மேல் இருந்த கோபம்கூட இல்லாமல் இருந்தது.

பாரஸ்ட் கார்டு குமரேசன் வந்து பார்த்துவிட்டு, இதன் பேர் சோலைப்பாடி என்றார். பையிலிருந்து அச்சடித்த ஒரு பாரத்தை எடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கூடு இருக்கிற மரத்துக்குத்தான் எங்கிட்ட பாரம் இருக்கு, ஆளுக்கு இல்ல" என்றார்.

அப்படியே எழுதினார். வகை: நாட்டு மரம். உயரம்: ஐந்தடி ஒரு அங்குலம். வயது: ஐம்பத்து மூன்று. நிலை: நல்ல நிலை, வலது முழங்காலில் மட்டும் வலி. எண்: நூற்றுப் பதினேழு. தகரத்தில் அந்த எண்ணை அடித்து, ஆணி அடிக்க முடியாததால் ஊக்கு வைத்து அவள் ரவிக்கையில் குத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தார். கடைசியில் ஒரு வரியைப் படித்துக் காட்டினார், குஞ்சு பறக்கும் வரை இந்த மரத்தை வெட்டவோ சாய்க்கவோ இடம் மாற்றவோ கூடாது என்று. இசக்கியம்மா கண்ணை ஒரு தடவை மூடினாள். எங்கே போகப் போகிறாள் என்று நாங்களும் நினைத்தோம்.

முட்டை பொரிந்து ஆறாம் நாள், திங்கட்கிழமை, போன் வந்தது. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அவள் வீட்டில் குஞ்சு பார்க்கக் கூடியிருந்தோம். சொரிமுத்து அண்ணன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"யம்மா, நான்தான். எனக்கு ஒம்பதாம் மாசம் பொறந்துட்டு" என்றாள் தவமணி.

ஆறு வருசம் கழித்து அந்தக் குரல். இசக்கியம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கடகடவென்று கொட்டியது, வாய் மட்டும் திறக்கவில்லை. அவளுக்குக் குசுகுசுவென்று பேசத் தெரியாது. ஒரு நாள் தெரியாத்தனமாக இருமியதற்கே பெட்டை பறந்துபோய், குஞ்சுகள் ஒரு மணி நேரம் குளிரில் கிடந்தன.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானம்மா. நீ வந்து கூட்டிட்டுப் போவியா?"

நாங்களும் பேசவில்லை. பேசாமல் இருந்து பழகிப்போன பழக்கம், அந்த நேரத்தில் ஒருத்திக்காவது நாக்குப் புரண்டிருக்க வேண்டுமே, புரளவில்லை. எந்நேரமும் சந்தைக்கடையாக இருக்கிற லயத்திலிருந்து ஒரு குழந்தை அழுகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை.

"பக்கத்துல எல்லாரும் இருக்கீங்க, எனக்குத் தெரியுது. ஸ்டெல்லா அத்தை, நீங்களுமா? லயமே சேந்து என்னைய ஒதுக்கிட்டீங்களா?" என்றாள் தவமணி.

சொரிமுத்து அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடை வரைக்கும் ஓடிப் போய்ப் பேசினார். நான் பின்னாலேயே ஓடினேன். "அம்மா தலையில குருவி கூடு கட்டியிருக்குத் தாயி, அதான் பேசல" என்றார் பாவம்.

"வேற பொய்யே கிடைக்கலியாப்பா?"

நான் பிடுங்கிச் சத்தியம் பண்ணினேன். போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றேன். அனுப்பினேன், பதினெட்டு போட்டோ. அந்தப் பறவைக்கு இருக்கிற கூச்சத்தில் ஒரு படத்திலும் கூடு விழவில்லை, நன்றாக எண்ணெய் வைத்துச் சீவிய கொண்டை மட்டும்தான் விழுந்திருந்தது. அப்பா வந்து கூட்டிவருகிறேன் என்றார், அம்மா கைப்பட ரெண்டு வரி எழுதி அனுப்புகிறாள் என்றும் சொல்லிப் பார்த்தார். தவமணி ஒரே பிடியாய் நின்றாள். "எழுத்தெல்லாம் வேண்டாம்ப்பா. சொன்ன வாய்தான் திருப்பிச் சொல்லணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். வரலைன்னா பிரசவத்துக்கு எங்க மாமியார்கூட ஈரோடு போறேன். அதுக்கப்புறம் எனக்கும் அம்மா கிடையாது." தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள், இது யார் பெற்ற பிள்ளை.

குஞ்சு பறக்க ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்றார் குமரேசன். இசக்கியம்மாவிடம் நான் போய்ச் சொன்னேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள், சோலை ஓரத்து வரிசையில் கொழுந்து பறித்தாள். புதன்கிழமை ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

வியாழன் காலை அவள் பச்சைப் பட்டுச்சேலை கட்டி, ஒரு பையில் வளையலும் மஞ்சளும் பழமும் வைத்துக்கொண்டு, தலையில் ஐந்து குஞ்சும் ஒரு தாயுமாகப் பஸ் நிற்கிற இடத்தில் நின்றாள். ஊரே பின்னால் நின்றது. குமரேசன் ஓடி வந்தார். பாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பாரத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, மரம் வெட்டப்படவில்லை, சாய்க்கப்படவில்லை, தன் மகளைப் பார்க்கத் தானே நடந்து சென்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மலையிலிருந்து கீழே இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்காமல் பஸ்ஸைத் திருப்ப முடியாது, எதிரே வருகிறவன் மேல் ஏறிவிடும். டிரைவர் சம்சுதீன் பாய் இசக்கியம்மாவைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். "அடிக்க மாட்டேன். ஆனா ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி ஒருத்தர் இறங்கிச் சிவப்புத் துணி காட்டிக்கிட்டு நடக்கணும், சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்று நாங்கள் பன்னிரண்டு பேர் கூட ஏறினோம். முறை வைத்துக்கொண்டு இறங்கினோம், நடந்தோம், துணி காட்டினோம், ஏறினோம். மேலே வந்த லாரிக்காரர்களும் காரில் வந்த குடும்பங்களும் துணியைப் பார்த்து நின்று, என்ன விசேசம் என்று கேட்டு, சொன்னதும் இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போன ஒருத்தர்கூட நேரமாகுது என்று சொல்லவில்லை. ஆண்பறவை மரத்துக்கு மரம் தாவிப் பஸ்ஸோடு வந்தது, பஸ் திரும்ப நிதானிக்கிற இடத்திலெல்லாம் ஜன்னல் வழியாய் நுழைந்து புழு கொடுத்துவிட்டு வெளியே போனது. ரெண்டு மணி நேரப் பயணத்துக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று.

நாற்பதாவது வளைவுக்குக் கீழே காடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அணையின் தண்ணீர், வெட்டவெளி, தென்னந்தோப்பு, ரோடு. ஆண்பறவை கடைசி மரத்தில் உட்கார்ந்துகொண்டது. பஸ் நகர்ந்தது, அது வரவில்லை. டக்டக்கென்று நாக்கைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. கூட்டுக்குள் பெட்டை எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து தவித்தது. பாய் பஸ்ஸை நிறுத்தினார்.

இசக்கியம்மா இறங்கிப்போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்தாள். நாங்களும் இறங்கினோம். வெயில் ஏறியது. கூட்டிக்கொண்டு போனால் பறவைக் குடும்பம் பிரிந்து குஞ்சு சாகும், திரும்பிப் போனால் இவளுக்கு மகள் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

சொரிமுத்து அண்ணன் பக்கத்தில் குத்தவைத்து, "திரும்பிப் போயிருவோமாளா? நான் தவமணி கால்ல விழுந்தாவது சொல்லிப் பாக்கேன்" என்றார்.

இசக்கியம்மா கண்ணை ரெண்டு தடவை மூடினாள். பிறகு வாயைத் திறந்தாள். பழக்க தோஷத்தில் நாங்கள் காதைப் பொத்தினோம். கத்தல் வரவில்லை. ஒரு மாசம் பேசாமல் கிடந்த தொண்டையிலிருந்து, பால் பொங்கி வரும்போது ஊதி அடக்குவோமே, அந்த அளவுக்குத்தான் வந்தது.

"நான் போயாகணும் தாயி" என்றாள் மேலே பார்க்காமல். "என் புள்ள வாசல்ல நிக்கா. உன் புள்ளைகள எறக்கி விட்டுரு. நான் இங்கயே உக்காந்திருக்கேன், அவசரம் இல்ல. நாளைக்குள்ள போனாப் போதும்."

பெட்டை பறக்கவில்லை. அந்தக் குரலுக்கு அது பயப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கூட்டிலிருந்து எழுந்து கிளைக்குப் போய் ஆணின் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டது. இசக்கியம்மா கையைத் தோளுக்கு நேரே நீட்டினாள். முதல் குஞ்சு அவள் நெற்றியில் இறங்கி, தோளில் வழுக்கி, கை வழியாய் நடந்து, விரல் நுனியில் நின்று, மூன்று நாள் முன்னதாகவே பறந்தது. ரெண்டாவது அதன் பின்னாலேயே போனது. மூன்றாவது பறந்து சம்சுதீன் பாயின் தொப்பியில் உட்கார்ந்து, அங்கிருந்து மரம் ஏறியது. நாலாவது கீழே விழுந்தது, சொரிமுத்து அண்ணன் துண்டில் ஏந்திக் கிளையில் வைத்தார். ஐந்தாவது தூங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் அதை எழுப்பவில்லை. ஒன்றரை மணி நேரம் அவள் கையை நீட்டியபடி இருந்தாள், கை மரத்துப் போனதும் நான் அடியில் தோள் கொடுத்தேன். தூக்கம் கலைந்ததும் அந்தக் குஞ்சு நெடுநேரம் எங்களைப் பார்த்துவிட்டு, இலைகளுக்குள் போய் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் ஒரு இறகுகூடக் கண்ணில் படவில்லை, அவ்வளவு கூச்சம்.

திருப்பூரில் நாங்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டும்போது விளக்கு வைக்கிற நேரம். நாங்கள் மூன்று பேர்தான் போனோம், அவளும் அண்ணனும் நானும். தவமணி திறந்தாள். பெரிய வயிறு, முகமெல்லாம் வீங்கி, பெற்றவளை உரித்து வைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போய், அடி விழப்போகிற பிள்ளை நிற்கிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகுதான் மேலே பார்த்தாள். சருகும் வேரும், அதில் ஒட்டின குஞ்சு இறகும், ரவிக்கையில் தகரத்தில் நூற்றுப் பதினேழும்.

"அப்பா சொன்னது நெசந்தானா?" என்றாள்.

இசக்கியம்மா என்னவோ சொன்னாள். பின்னால் நின்ற எனக்குக் கேட்கவில்லை. மகளுக்கும் கேட்கவில்லை.

"கேக்கலம்மா."

மறுபடி உதடு அசைந்தது.

"கேக்கலயேம்மா" என்று தவமணி ஒரு அடி முன்னால் வந்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்கு விலகி விலகியே பழகின பிள்ளை, இன்னும் ஒரு அடி வந்தாள், இன்னும் ஒரு அடி, காதைக் கொண்டுபோய் அம்மா வாயருகில் வைத்தாள். வயிறு அம்மா மேல் இடித்தது. உள்ளே இருந்தது உதைத்திருக்க வேண்டும், இசக்கியம்மா ஒரு நொடி பேச்சை நிறுத்திக் குனிந்து பார்த்தாள். பிறகு கடைசி வரைக்கும் சொல்லி முடித்தாள், நெடுநேரம் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று நான் ரெண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், ரெண்டு கழுதைகளும் சொல்ல மாட்டேன் என்கின்றன. தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பீரோவைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் மடித்து வைக்க ஆரம்பித்தாள்.